ராசிக் கையும் சர்க்கரை உடம்பும்

தி. நகரில் எங்கள் ஜவுளிக் கடையின் இரண்டாம் மாடியில் பட்டுப் பிரிவு. அந்த மாடியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆள் நான் ஒருவன்தான். வாங்கிய புடவைக்கு அங்கேயே ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பது என் வேலை. தையல் மிஷினை நின்றுகொண்டு ஓட்ட முடியாது என்பதால் எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. மற்றவர்கள் காலையில் கடை திறந்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை நிற்பவர்கள். கடை ஊழியர்களுக்கு நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது நாற்காலியும் வந்தது. வந்த அன்றைக்கே அதில் ஒரு வாடிக்கையாளரின் மாமியார் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

என் பெயர் மெஹபூப் அலி. ராயப்பேட்டைக்காரன். நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, பொன்ராஜ் அண்ணாச்சியின் கதையை. என் மிஷினுக்கு எதிரே வெள்ளைத் துணி விரித்த மேடையில் வெறுங்காலோடு நின்று முகூர்த்தப் பட்டு எடுத்துக் காட்டியவர் அவர். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் இந்தக் கடைக்கு வந்தவர். மீசை நரைத்தும் இதே மாடியில்தான் இருந்தார். அவர் என்னை 'பாய்' என்பார், நான் அவரை 'அண்ணாச்சி' என்பேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு நடைபாதையும் ஒரு மின்விசிறியும்தான். அந்த விசிறி யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் மட்டும் எங்களுக்குச் சண்டை வரும்.

அண்ணாச்சிக்கு 'ராசிக் கை' என்று பெயர். இது எப்படி ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. யாரோ ஒரு குடும்பத்தார், பல இடம் தட்டிப்போன பெண்ணுக்கு அவர் கையால் புடவை எடுத்தார்களாம். அந்தப் பெண் கல்யாணமாகி இரட்டைப் பிள்ளை பெற்று வெளிநாட்டில் வீடும் வாங்கிவிட்டாளாம். நாலு பேர் வாயில் விழுந்து அது வளர்ந்தது. கடைக்கு போன் போட்டு, 'பொன்ராஜ் அண்ணாச்சி இன்னைக்கு டியூட்டியில இருக்காரா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்பி வருகிறவர்கள் உண்டு. மயிலாப்பூரிலிருந்து, அடையாறிலிருந்து, எங்கோ வேலூரிலிருந்தெல்லாம் வருவார்கள். முதலாளிக்கு இது ஏசி போட்டதைவிடப் பெரிய வசதி.

எங்கள் கடையில் ஒரு பழக்கம். முகூர்த்தப் பட்டு முடிவானதும் தாம்பாளத்தில் குங்குமம், பூ, கல்கண்டோடு அதை வைத்துக் கொடுப்போம். வாங்குகிறவர்கள் தங்கள் கையோடு கொண்டுவந்த இனிப்பில் முதல் துண்டை, புடவையை எடுத்துக் கொடுத்தவர் வாயில் போடுவார்கள். எடுத்துக் கொடுத்தவர் வாய் இனித்தால் கட்டிக்கொள்பவள் வாழ்வு இனிக்கும் என்று கணக்கு. மற்ற ஆட்களுக்கு இது எப்போதாவது நடக்கும். அண்ணாச்சிக்கு முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்க நடக்கும். லட்டு, ஜாங்கிரி, மைசூர்பாகு, பால்கோவா என்று ஒரு கல்யாணத்துக்கு ஒரு துண்டு. ஊரில் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் இவர் ஒருத்தர்தான் இனிக்க வேண்டியிருந்தது.

அவருடைய மகள் தாரணி மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நல்ல பெண். வேலையில் சேர்ந்த புதிதில் வீட்டுக்கு அந்தச் சின்ன சர்க்கரை மிஷினைக் கொண்டுவந்து, பழகிக்கொள்வதற்காக அப்பா விரலில் குத்திப் பார்த்திருக்கிறாள். காட்டிய அளவைப் பார்த்து மிஷின் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அம்மா இசக்கியம்மாள் விரலிலும் குத்திப் பார்த்தாள். அம்மாவுக்குச் சரியாகக் காட்டியது. திரும்ப அப்பாவுக்குக் குத்தினாள். அன்றோடு அந்த வீட்டில் சிரிப்பு குறைந்துவிட்டது என்று அண்ணாச்சியே என்னிடம் சொன்னார்.

தாரணி விடவில்லை. அரிசி போய் சாமையும் வரகும் வந்தன. காபிக்குச் சர்க்கரை நின்றது. விடிந்ததும் பனகல் பூங்காவில் நடக்க வேண்டும் என்றாள். நாள் முழுக்க நிற்பவரை நடக்கவும் சொன்னால் என்ன நியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் முனகாமல் நடந்தார். அவளுக்குத் தெரிந்த ஒருவர் மயிலாப்பூரில் ஒரு ஹாலில் 'மைண்ட்ஃபுல்லாக', அதாவது நிதானமாகக் கவனம் வைத்து, வாழ்வது, சாப்பிடுவது பற்றி வகுப்பு எடுத்தார். அப்பாவைச் சேர்க்கலாம் என்று போய் விசாரித்தாள். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக இருக்கக் கொடுத்துவைத்தவர்கள் தி. நகருக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள், எடுத்துக் கொடுக்கிறவர்கள் இல்லை. ஆகவே அவளே போய்க் கற்றுக்கொண்டு வந்து அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு காஞ்ச திராட்சையக் கையில குடுத்து, அதப் பாருங்க, மோந்து பாருங்க, கண்ண மூடிட்டு மெதுவா மெல்லுங்கன்னு சொல்லுதா பாய்," என்றார் அண்ணாச்சி. "ஒரு திராட்சையத் திங்க இம்புட்டு நேரமா? அதுக்குள்ள நான் ரெண்டு கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் குடுத்துருவேன்."

"நல்லா கீதா இல்லியா, அத்த சொல்லு அண்ணாச்சி."

"நல்லாத்தான்வே இருந்துச்சு. திராட்சைக்குள்ள இம்புட்டு ருசி கெடக்குன்னு இப்பத்தான் தெரியுது. வாயில போட்டதும் முழுங்கியே பழகிட்டோம்லா."

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த மனுஷர் உண்மையாகவே முயற்சி செய்தார். கேலிக்குச் செய்யவில்லை. கவனமாகச் சாப்பிட வேண்டும், அதை அனுபவித்துச் சாப்பிட வேண்டும், உடம்பைக் கொஞ்சம் மதிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் தனக்கென்று ஆசைப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் கடை மெஸ்ஸைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆசையின் அளவு புரியும். மெஸ் மொட்டை மாடியில். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், நாங்கள் படியேறிப் போக வேண்டும். நீள பெஞ்சு. ஒருவர் உட்கார்ந்து சாப்பிடும்போதே அவர் முதுகுக்குப் பின்னால் அடுத்த ஆள் தட்டோடு நிற்பான். அவன் மூச்சு நம் கழுத்தில் படும். அவனுக்கும் கீழே செக்‌ஷன் காத்திருக்கிறது, அவன் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்த பெஞ்சில் அண்ணாச்சி டிபன் பாக்ஸைத் திறந்து சாமைச் சோற்றையும் கீரையையும் கண்ணை மூடி மெல்லுவார். 'அண்ணாச்சி தூங்கிட்டாரு, தட்ட எடுத்துருங்க' என்று சத்தம் வரும். பெஞ்சே சிரிக்கும். அவரும் சிரித்துக்கொண்டே வேகமாக மென்று எழுந்துவிடுவார்.

சில நாட்களில் அந்த பெஞ்சுக்குக்கூடப் போக முடியாது. ஆவணி மாதம் ஒரு நாள் அடையாறிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. காலையில் உட்கார்ந்தவர்கள் மத்தியானம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. மேடையில் புடவை மலையாகக் குவிந்துவிட்டது. பெண்ணுக்குப் பிடித்தால் அத்தைக்குப் பிடிக்கவில்லை, அத்தைக்குப் பிடித்தால் அது பெண்ணுடைய பாட்டியின் பழைய புடவை நிறம். சாப்பாட்டு வேளைக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையை அண்ணாச்சி நேரத்துக்குப் போட்டுவிட்டார். சாப்பாடுதான் நேரத்துக்கு வரவில்லை. ஒரு அரக்குப் பட்டைத் தன் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவருக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். அதற்குள் அத்தைக்கு அந்த அரக்குப் பட்டே பிடித்துப்போய், ஜாங்கிரியைப் பிட்டு அவர் வாயில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்று, கண்ணில் தண்ணீரோடு அண்ணாச்சி கும்பிட்டார்.

"பாருங்களேன், சந்தோஷத்துல அவருக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இதுக்குத்தான் ராசிங்கிறது," என்று அத்தை நெகிழ்ந்துபோனார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சாப்பிட்டாலும் ஆபத்து, சாப்பிடாவிட்டாலும் ஆபத்து என்று ஒரு மனிதனை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்த அம்மாள் நல்லவர்தான். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அது ரொம்பப் பொல்லாதது.

அதற்குப் பிறகு அண்ணாச்சி ஒரு வழி கண்டுபிடித்தார். இனிப்பை வாயில் வாங்காமல் கையில் வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, வாய்க்குக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோய், குனிந்து புடவை மடிக்கும் சாக்கில் சட்டைப் பையில் போட்டுவிடுவார். முதலில் எனக்கே தெரியவில்லை. ஒருநாள் அவர் சட்டைப் பையிலிருந்து தோள்வரை எறும்பு வரிசை போவதைப் பார்த்தேன்.

"இன்னா அண்ணாச்சி, பாக்கெட்ல எறும்பு ஊர்ந்துகினு கீது?"

"சத்தம் போடாதவே. உள்ள ரெண்டு லட்டு கெடக்கு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சட்டையைத் துவைக்கும் இசக்கியம்மாள் மட்டும் சிரிக்கவில்லையாம். ஆனால் அந்த மாதம் தாரணி குத்திப் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது. மகள் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள் என்று அவர் என்னிடம் சொல்லும்போது, மீசைக்காரருக்கு வெட்கம் வந்தது. 'எல்லாம் தாரணி சொன்னபடிதான் பாய். அவ சரின்னாத்தான் இனி எதுவும் வாய்க்குள்ள போகும்' என்றார். பெஞ்சில் கேலி செய்தவர்களிடமும் அதையே சொன்னார்.

எத்தனை நாளைக்கு ஓடும் அந்த வித்தை? தை மாதக் கூட்டத்தில், மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் தாயார் கண்ணில் பட்டுவிட்டது. கல்யாணம் நிச்சயமாகி ஏற்கெனவே ஒரு தடங்கல் வந்த குடும்பம் போலிருக்கிறது. அண்ணாச்சியின் கை பையில் போனதை அந்த அம்மாள் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நாங்க கொடுத்ததைத் தின்னப் பிடிக்கலையா உங்களுக்கு? வாயில போட்டுக்கற மாதிரி நடிச்சேளே! என் பொண்ணுக்கு இப்படியா எடுத்துக் கொடுக்கணும்?"

அண்ணாச்சி உண்மையைச் சொன்னார். "அம்மா, எனக்குச் சுகர் இருக்கு. மன்னிக்கணும்."

சொல்லாமலே இருந்திருக்கலாம். 'சர்க்கரை வியாதிக்காரர் கையாலயா முகூர்த்தப் புடவை எடுத்தோம்' என்று கூட வந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எடுத்த எல்லாவற்றையும் மேடையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். அந்தத் தாயார் அழுதுகொண்டேதான் படியிறங்கினார்.

எங்கள் மாடி சூப்பர்வைசர் ராம்குமார் கெட்டவன் இல்லை. அண்ணாச்சியின் ஊர்ப் பக்கத்துக்காரன்தான். ஆனால் அவனையும் கேள்வி கேட்க மேலே ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான். தனியாக என்றால் என் மிஷினுக்குப் பக்கத்தில்தான், வேறு தனிமை அந்தக் கடையில் கிடையாது.

"அண்ணாச்சி, ஒங்களுக்குச் சுகர் இருக்குதுன்னு வெளிய பேச்சு வரப்படாது. ஒங்க பேருக்குத்தான் கூட்டம் வருது. இனிமே குடுக்குத இனிப்ப வாயில வாங்கி முழுங்கிருங்க. அவங்க பாக்க முழுங்கணும். ஒரு துண்டுதான, என்ன ஆயிரப்போகுது?"

"ஒரு துண்டு ஒனக்குத் தம்பி. எனக்கு ஒரு நாளைக்கு எத்தனை துண்டு?"

"கூட ஒரு மாத்திரை போட்டுக்கிடுங்க அண்ணாச்சி."

நான் பொறுக்க முடியாமல், "அத்த நீ போட்டுக்கோ நைனா, எல்லாம் சரியாப் பூடும்," என்றேன். ராம்குமார் என்னை முறைத்துவிட்டுப் போனான். நான் பேசியதால் எதுவும் மாறவில்லை. மறுநாளிலிருந்து அண்ணாச்சி, தெரிந்தவர்களுக்கு மட்டும் புரிகிற ஒரு முகச்சுளிப்போடு, எல்லோரும் பார்க்க முழுங்கினார்.

வீட்டில் சாமையும் கீரையும், பூங்காவில் நடையும் அப்படியே நடந்தன. தாரணி காரணம் புரியாமல் தவித்தாள். சாமையை நிறுத்தித் தினை கொடுத்தாள். தினையை நிறுத்தி வெறும் காய் கொடுத்தாள். மனுஷர் இளைத்தார், சர்க்கரை மட்டும் இளைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் கடைக்கே வந்து என் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் நின்ற கொஞ்ச நேரத்தில் அவர் வாய்க்குள் ஒரு லட்டுத் துண்டும் பால்கோவாவும் போயின. அவள் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். வீட்டில் பெரிய சண்டை நடந்திருக்கிறது. 'தொழிலைப் பாக்குறதா ஒன் பேச்சக் கேக்குறதா' என்று அவரும் முதல்முறையாகச் சத்தம் போட்டாராம்.

அதற்கப்புறம்தான் அந்தக் குண்டூசி.

புதுப் புடவையில் அட்டையோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வரும். பிரிக்கும்போது எடுத்து டப்பாவில் போடுவோம். அவசரத்தில் ஒன்றிரண்டு விரிப்பில் விழும். மிதித்தவன் துள்ளுவான், எடுத்துப்போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பான். அன்றைக்கு அண்ணாச்சி மேடையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்து புடவை காட்டிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பெண்கள் கூச்சலிட்டார்கள். அவர் நடந்த வழியெல்லாம் வெள்ளை விரிப்பில் சிவப்புப் புள்ளி. வலது கால் பெருவிரலுக்கு அடியில் ஊசி தலைவரை இறங்கியிருந்தது. அது குத்தியதே அவருக்குத் தெரியவில்லை.

நான் ஓடிப்போய் அவர் காலை மடியில் வைத்து ஊசியைப் பிடுங்கினேன். அவர் வலிக்கவில்லை என்றார். அது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருந்தது. இத்தனை வருஷம் அந்த மனிதர் நின்று நின்றே கால் மரத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது நாங்கள் எல்லோரும் 'எங்களுக்கும்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

புண் ஆறவில்லை. தாரணி அடையாறில் ஒரு கால் மருத்துவரிடம் அழைத்துப்போனாள். புண்ணை வெட்டிச் சுத்தம் செய்து கட்டுப்போட்டு, அதிகம் நிற்கக் கூடாது, சர்க்கரை இறங்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி ராம்குமாரிடம் போய், தன்னைக் கீழ்த்தளத்துப் போர்வைப் பிரிவுக்கு மாற்றிவிடச் சொல்லிக் கேட்டார். போர்வை வாங்குகிறவர்கள் யாரும் இனிப்பு ஊட்டுவதில்லை. ராம்குமார் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னான். முகூர்த்தமெல்லாம் முடியட்டும் என்று மேலேயிருந்து பதில் வந்தது. முகூர்த்தம் எப்போது முடிந்திருக்கிறது இந்த ஊரில்?

இந்த நேரத்தில்தான் தாரணிக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை பெயர் பாலகணேஷ், நந்தனத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. அவர்களும் தெற்கத்திக் குடும்பம். பையன் தங்கமானவன், தாரணிக்கும் பிடித்துவிட்டது. இசக்கியம்மாள் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதும் காலில் புண் என்பதும் தாலி ஏறும்வரை சம்மந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது.

"பரம்பரைச் சீக்குன்னு சொல்லிட்டா என்ன பண்ணுதது?" என்று என்னிடமே கேட்டார் அந்த அம்மாள். "ஒங்க வீட்டுலயும் பொண்ணு இருக்குல்லா பாய், ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியும். என் மகள் சிம்ராவைப் பெண் பார்க்க வந்தபோது என் ஆஸ்துமாவை நானும் கக்கத்தில் மறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். தாரணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ரத்தம் எடுத்துப் பார்க்கிறவள் நானே பொய் சொல்வதா என்று அழுதாள். அம்மாவின் அழுகை இன்னும் பெரிதாக இருந்ததால் அடங்கிப்போனாள்.

அவர்கள் பக்கத்து வழக்கப்படி முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார்தான் எடுக்க வேண்டும். பாலகணேஷின் அம்மா ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார், 'ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுக்குத சம்மந்தி கையாலயே என் மருமவளுக்கும் எடுக்கணும்.' புதன்கிழமை நல்ல நாள் என்று குறித்தார்கள். திங்கட்கிழமைதான் மருத்துவர் புண்ணைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்திருந்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, வெள்ளிக்கிழமை முடிவு சொல்கிறேன், அதுவரை ஒரு சிட்டிகைச் சர்க்கரைகூட வாயில் படக் கூடாது என்று தாரணியிடம் கண்டித்து அனுப்பியிருந்தார். அவள் செவ்வாயன்று என்னிடம் போனில் பேசினாள்.

"மாமா, நாளைக்கு ஸ்வீட் குடுக்கிற நேரம் எப்படியாவது அப்பாவைக் கூப்பிட்டு நகர்த்திடுங்க. ஃபால்ஸ் நிறம் பாக்கணும்னு சொல்லுங்க. ஏதாவது சொல்லுங்க."

சரி என்றேன். அவ்வளவு சின்ன உதவி, செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை அண்ணாச்சி காலில் வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு மேடையில் நின்றார். 'காலுக்கு என்ன சம்மந்தி?' என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். 'நகம் பேந்துட்டு' என்றார். இசக்கியம்மாள் உடனே பேச்சை மாற்றினார். தாரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு புடவை பார்க்க ஆரம்பித்ததும் அண்ணாச்சிக்கு எல்லாம் மறந்துவிட்டது. தன் மகளுக்கு எடுக்கிறார் அல்லவா. பீரோவின் உள்ளே எனக்கே காட்டாமல் வைத்திருந்த ஒரு மாம்பழ நிறப் பட்டை எடுத்து ஒரே உதறாக உதறி அவள் தோளில் போட்டார். வேறு புடவை பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாமியாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்து செக்‌ஷன் பெண்களெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

தாம்பாளம் வந்தது. சம்மந்தியம்மா பையிலிருந்து திருநெல்வேலி அல்வா எடுத்தார். ஊரிலிருந்து அதற்காகவே வரவழைத்திருக்கிறார். நெய் வழிகிற அல்வா. லட்டு என்றால் பையில் போடலாம், கன்னத்தில் ஒதுக்கலாம். அல்வா பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நான் எழுந்து, "அண்ணாச்சி, ஃபால்ஸ் கலர் ஒரு தபா பாத்துட்டுப் போயிடு, அர்ஜென்ட்டு," என்றேன்.

"இரிங்க பாய், நல்ல காரியம் நடக்குதுல்லா," என்று சம்மந்தியம்மா என்னைக் கையமர்த்தினார். ராம்குமாரும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அந்த அம்மாள் அல்வாவைப் பிட்டு அண்ணாச்சியிடம் நீட்டப் போனவர், ஏதோ தோன்றி, அதைத் தாரணி கையில் வைத்தார். "நீயே அப்பாவுக்கு ஊட்டும்மா. ஒனக்காக எடுத்துருக்காவ. ஒன் கையால குடுத்தாத்தான் அழகு."

தாரணி கையில் அல்வாவோடு நின்றாள். இசக்கியம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் கெஞ்சுகிற கண்ணோடு மகளையே பார்த்தார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டு போனில் படம் எடுக்கத் தயாராக இருந்தான். அவள் துண்டின் ஓரத்தில் கொஞ்சமாகக் கிள்ளப் பார்த்தாள். 'அட, முழுசாக் குடும்மா, அப்பாவுக்குப் போயா கருமித்தனம்?' என்று மாமியார் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் முழுசாகக் கொடுத்தாள். அண்ணாச்சி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

"ஒத்தையாக் குடுக்கக் கூடாதும்மா. இன்னொன்னு குடு," என்றார் மாமியார்.

இன்னொரு துண்டும் அவள் கைக்கு வந்தது. அதையும் ஊட்டினாள். ஊட்டிய கையை அவள் சட்டென்று பின்னால் மறைத்துக்கொண்டதை, பக்கத்தில் இருந்தவர்கள் கல்யாணப் பெண்ணின் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓடிவிடலாம்போல் இருந்தது. ஓடி எங்கே போவது, அந்த மாம்பழப் பட்டுக்கு நான்தான் ஃபால்ஸ் தைக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விரலை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை காலை, கடைக்குப் போகும் முன் அடையாறுக்குப் போனேன். சின்ன ஆஸ்பத்திரி. அண்ணாச்சி மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். பூங்காவில் வழுக்கி விழுந்து கால் எலும்பு விரிசல் என்று சம்மந்தி வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். இசக்கியம்மாள் அதை போனில் யாருக்கோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் தாரணி உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரும்மா?"

"சீழ் எலும்புக்குப் போய் ரொம்ப நாளாச்சாம். எக்ஸ்ரேல அப்பவே இருக்காம். புதன்கிழமை நடந்ததை நான் அவர்கிட்ட சொன்னேன். ரெண்டு துண்டு அல்வாவுக்கெல்லாம் விரல் போகாது, அதப் போட்டு மனசுல வச்சுக்காதேன்னார்."

"அப்பறம் இன்னாம்மா? அதான் டாக்டரே சொல்லிட்டாரே. உன் மேல தப்பு இல்ல."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ரிப்போர்ட்தான் தெரியும் மாமா. மத்தவங்க குடுக்கிறப்போ அப்பா முகத்தைச் சுளிச்சுக்கிட்டு முழுங்குவார், நீங்களும் பாத்திருக்கீங்க. அன்னைக்குச் சுளிக்கவே இல்ல. என்னைப் பாத்துச் சிரிச்சார். ஊட்டுறது நான்ங்கிறதால, சாப்பிடலாம் போலன்னு நம்பித்தான் வாயைத் திறந்தார்."